ஒரு சாண் தள்ளி

படப்பிடிப்புத் தளத்தில் அவளுக்கு நோட்டு அக்கா என்று பெயர். அப்பா வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. டைரக்டர் அவளைவிட ஒன்பது வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். நீல அட்டை போட்ட நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வருவதைப் பார்த்தாலே பாதிப் பேர் தங்கள் சட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்வார்கள்.

சினிமாவை வரிசையாக எடுப்பதில்லை. கதாநாயகி கதவைத் திறப்பதை இன்றைக்கு எடுப்பார்கள். திறந்த கதவு வழியாக உள்ளே நுழைவதை ஒன்றரை மாதம் கழித்து வேறொரு கட்டடத்தில் எடுப்பார்கள். திறந்தபோது கைப்பை எந்தத் தோளில் இருந்தது, முடி காதுக்கு முன்னாலா பின்னாலா, கப்பில் காப்பி எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் எழுதிவைத்து, போட்டோ பிடித்துவைத்து, ஒன்றரை மாதம் கழித்து "இல்ல, இடது தோள்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்குக் கன்டினியூட்டி என்று பெயர். அந்த ஆள்தான் இவள். சொன்னால் லேசில் கேட்கமாட்டார்கள். இவளும் லேசில் விடமாட்டாள். ஒரு தடவை ஒரே ஒரு சட்டைப் பொத்தானுக்காக ஐம்பது பேரை முக்கால் மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தாள். கடைசியில் கதாநாயகன் அந்தப் பொத்தானைப் போட்டுக்கொண்ட பிறகுதான் சுடப்பட்டுச் செத்தான்.

அந்தக் கம்பெனி எடுத்த படங்கள் எல்லாம் ஒரே ரகம். ஒருவன் ஒருத்தியைக் காதலிப்பான். அவள் சொன்னதெல்லாம் பொய் என்று பாதிப் படத்தில் தெரியும். அவனும் அவளை ஏமாற்றத்தான் வந்தான் என்று முக்கால்வாசியில் தெரியும். முக்கால்வாசியில் தெரிந்ததே தப்பு என்று கடைசிப் பத்து நிமிடத்தில் தெரியும். இந்த மாதிரிப் படத்துக்கு வருகிற ஜனம் சாதாரண ஜனம் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வேறு படத்தில் கம்மல் மாறினால் கவனக்குறைவு. இதில் மாறினால், "ஆகா, இவளுக்கு இரட்டைப் பிறவி இருக்கு" என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதனால் நோட்டு அக்கா இல்லாமல் டைரக்டர் ஒரு ஷாட் வைக்கமாட்டார். அவள் இந்த வேலைக்கு வந்து இருபத்தொரு வருடம்; நடுவில் விட்டுப்போய், திரும்பி வந்ததும் உண்டு.

அவளும் ஒருவனைக் காதலித்துப் பார்த்தாள். கட்டை விரலில் இருந்த தழும்பைக் காட்டி, சின்ன வயதில் கண்ணாடி கிழித்தது என்று ஒரு தடவை சொன்னான். எட்டு மாதம் கழித்து, கதவிடுக்கில் நசுங்கியது என்றான். வேறு எவளாக இருந்தாலும் காதில் வாங்காமல் விட்டிருப்பாள். இவள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனதில், இன்னொரு ஊரில் அவன் மனைவி வாசலில் நின்று, "யாரு வேணும்?" என்று கேட்டாள். அன்றோடு கல்யாணப் பேச்சை மூட்டை கட்டிவிட்டாள். பொய் சொல்கிறவர்கள் பெரிய விஷயத்தில் மாட்டுவதில்லை, சின்ன விஷயத்தில்தான் மாட்டுவார்கள் என்று அவளுக்கு அன்றிலிருந்து ஓர் உறுதி. நாற்பத்து நாலு வயதுவரை அந்த உறுதி அவளைக் கைவிட்டதில்லை.

அவள் வேலையில் தப்பு கண்டுபிடிக்க உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவள் அப்பா. ஒரு அச்சகத்தில் முப்பத்து நாலு வருடம் பிழை திருத்தியவர். ஓய்வு பெற்றும் அந்த அரிப்பு போகவில்லை. மகளின் படம் வந்தால் முதல் வாரமே பகல் காட்சிக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே ஆரம்பித்துவிடுவார்.

"ஆஸ்பத்திரி சீன்ல காலண்டர் பதினேழு. அவன் திரும்பிப் பார்க்கிறான், பதினெட்டு. தலையத் திருப்ப ஒரு நாள் ஆகுமாம்மா?"

தப்பு பிடித்தால் அன்றைக்கு சூப் அவள் வைக்க வேண்டும், பிடிக்காவிட்டால் அவர். அம்மா போன ஒன்பது வருடத்தில் அவர் சூப் வைத்தது இரண்டே தடவை. அதுவும் வாயில் வைக்க முடியாத சூப்.

அப்படிப்பட்ட அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, எழுபத்தொரு வயதில் சொன்னார்: "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்ம்மா. ரெண்டு மாசத்துல பதிவு. நீ சாட்சிக் கையெழுத்து போடணும்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு அந்த அம்மாள் வந்திருந்தாள். அறுபது வயதிருக்கும். ஒல்லி. வெயிலும் இல்லாத மழையும் இல்லாத நாளில் கையில் நீளமாக ஒரு கறுப்புக் குடை. நோட்டு அக்கா மனதுக்குள் உடனே குடைக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள்.

"எங்க பழக்கம்?" என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"நூலகத்துல" என்றாள் குடைக்காரி.

அரை மணி நேரம் கழித்து, அடுப்படியில் அப்பாவிடம் தனியாகக் கேட்டாள்.

"பஸ்ஸுலம்மா. பக்கத்து சீட்டு."

கண்ணாடியும் கதவிடுக்கும் அவள் ஞாபகத்துக்கு வந்தன. அப்பா பாவம், தனியாள். எவளோ வந்து நன்றாகக் காதில் பூச்சுற்றுகிறாள் என்று அந்த நிமிடமே முடிவு பண்ணிவிட்டாள். இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் இவளைக் கையும் களவுமாகப் பிடித்து அப்பா முன்னால் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை.

பிடிவாதம் என்று வந்துவிட்டால் அவளுக்கு வழிக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு தவறாமல் போனாள். போய்ப் பார்த்ததை நீல நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினாள். மாடிப்படி இறங்கும்போது குடையின் ஒரு முனையை அந்த அம்மாள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அப்பா பிடித்துக்கொண்டு போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட இப்படிக் கொஞ்சமாட்டார்கள். எழுதினாள். சமீபத்துப் படத்தில் அப்பா பிடித்த தப்புகள் காலண்டர், பெயர்ப்பலகை, செய்தித்தாள் தேதி இல்லை. கம்மல், நகப்பூச்சு, தலை வகிடு. இருபது வருடத்தில் அப்பா ஒரு பெண்ணின் தலை வகிட்டைக் கவனித்ததே கிடையாது. அம்மா முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றபோதே மூன்று நாள் கழித்துத்தான் கேட்டவர். குடைக்காரிதான் சொல்லிக்கொடுக்கிறாள். எனக்குப் பிடித்த வழியாகவே உள்ளே வருகிறாள். அதையும் எழுதி, அடியில் கோடு போட்டாள்.

வீடு மட்டும் அவளுக்குத் திருப்தியாக இருந்தது. ஒரு வருடமாகவே அப்பாவின் வீடு அவ்வளவு ஒழுங்கு. தண்ணீர் கப்பின் காது எப்போதும் ஜன்னல் பக்கம். ரேடியோ மேசை ஓரத்திலிருந்து நாலு விரல். குட்டை ஸ்டூல் சுவரை ஒட்டி. மிதியடி நூல் பிடித்ததுபோல் நேர். ஏழு நாள் கழித்து வந்தாலும் நேற்று விட்டுப்போன ஷாட் மாதிரி அப்படியே இருக்கும். 'கன்டினியூட்டி அப்பாவிடமிருந்துதான் வந்திருக்கிறது' என்று பெருமையாக நினைத்துக்கொள்வாள்.

மூன்றாவது ஞாயிறு அதிர்ஷ்டம் அடித்தது. குடைக்காரி பால்கனியில் துணி எடுக்கப் போயிருந்தாள். அவள் பை அடுப்படி மேடையில் வாய் திறந்திருந்தது. உள்ளே ஒரு சின்ன டைரி. நோட்டு அக்காவுக்கு ஒரு நிமிடம் கூச்சமாக இருந்தது. ஒரே நிமிடம்தான்.

'மாடி பதினாலு படி. திருப்பத்தில் ஒன்று உயரம். கதவுச் சாவி வலது. வாசலிலிருந்து கட்டில் ஒன்பது அடி. ஸ்டூல் சுவரோடு. மருந்து: நீல மூடி காலை, வெள்ளை மூடி ராத்திரி. பொண்ணு வர்றது ஞாயிறு, பதினொன்றரை. அதுக்கு முன்னாடி எல்லாம் சரிபார்க்கணும். பொண்ணுக்கு எதுவும் தெரியக் கூடாது.'

இதே மாதிரி ஒரு டைரியை இந்த வருடம் எடுத்துக்கொண்டிருந்த படத்தில் அவளே கலை உதவியாளரிடம் சொல்லித் தயார் பண்ணியிருந்தாள். அந்த டைரியின் சொந்தக்காரி இடைவேளைக்கு முன் ஒரு கிழவரைத் தீர்த்துக்கட்டுவாள். படி எண்ணிக்கை, சாவி, மருந்து. வேறென்ன வேண்டும்? அப்பாவிடம் அப்போதே கத்தியிருக்கலாம். ஆனால் அவர் நம்பமாட்டார். ஒற்றைக் காலில் நிற்கிற சுபாவம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாதா?

ஆதாரம் வேண்டும். அதற்கும் படத்திலேயே வழி இருந்தது. கதாநாயகி தன் அறையில் ஐந்து பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி வைப்பாள். திரும்பி வரும்போது எல்லாம் பழைய இடத்தில் இருக்கும். வீட்டை அளந்து வைத்திருக்கிறவன் அதில் மாட்டுவான். காட்சி நன்றாக வந்திருந்தது. டைரக்டர் கைதட்டினார்.

சாயங்காலம் குடைக்காரி முதலில் கிளம்பினாள். அப்பா குளியலறையில் இருந்தார். நோட்டு அக்கா போட்டோ எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். கப்பின் காதைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். ரேடியோவை மேசை நடுவுக்குத் தள்ளினாள். மிதியடியைச் சற்றே கோணலாக்கினாள். ஜன்னல் திரையை ஒரு மடிப்பு இழுத்தாள். கடைசியாகக் குட்டை ஸ்டூலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். ஒரு சாண்தான். சாதாரண ஆள் யாரும் கவனிக்கவே மாட்டார்கள். அளந்துவைத்தவள் மட்டும் அடுத்த வாரத்துக்குள் திரும்ப நகர்த்துவாள். மறுபடியும் ஐந்து போட்டோ. "வர்றேன்ப்பா" என்று குரல் கொடுத்துவிட்டு இறங்கினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு மாதமாக இல்லாத நிம்மதி வந்தது.

திங்கள் காலை எட்டரைக்கு அவள் தளத்தில் கதாநாயகியின் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குடைக்காரியின் குரல்.

"உங்கப்பா விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். தள்ளிவிட்டாள் என்றே நினைத்தாள். நோட்டை யார் கையில் கொடுத்தாள் என்றுகூடத் தெரியாமல் ஓடினாள்.

ஆஸ்பத்திரி நடையில் பச்சைப் பெஞ்சில் குடைக்காரி உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது. எழுந்து நிற்கக்கூட இல்லை.

"ஸ்டூலை யாரு நகர்த்தினது?" என்றாள்.

"முதல்ல நீங்க யாருன்னு சொல்லுங்க. நூலகமா, பஸ்ஸா? உங்க டைரிய நான் பார்த்துட்டேன்."

"நான் யாருங்கிறது அப்புறம். நேத்து நான் போகும்போது ஸ்டூல் சுவரோட இருந்துச்சு. ரேடியோ ஓரத்துல இருந்துச்சு. யாரு நகர்த்தினது?"

"என் அப்பா வீட்டுல நான் ஸ்டூலத் தொட உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?"

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அறைக் கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் தலையை நீட்டினாள்.

"அந்தக் கண் தெரியாத பெரியவர் கூட வந்தது யாருங்க?"

நோட்டு அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். யாரையோ கேட்கிறாள் என்றுதான் நினைத்தாள். அவள் அப்பாவுக்குக் கண் தெரியும். நேற்றுகூட அவள் முகத்தைப் பார்த்துத்தானே பேசினார்.

குடைக்காரி எழுந்து, "நாங்கதான்" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பின்னால் உள்ளே போனாள்.

அந்த 'நாங்க' என்ற சொல் அவளை வந்து சேர நேரம் பிடித்தது. சேர்ந்ததும், ஒரு வருடமும் படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டினதுபோல் ஓடியது. கப்பின் காது. நாலு விரல் ரேடியோ. நூல் பிடித்த மிதியடி. மனுஷர் வாழ்கிற வீட்டில் ஏழு நாளில் எதுவுமே இடம் மாறாமல் இருக்குமா? செட்டில்தான் அப்படி இருக்கும். அதற்காகத்தானே அவளை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். மற்ற எல்லோருக்கும் சந்தேகம் வரவைக்கிற ஒழுங்கைப் பார்த்து, இவள் ஒருத்திதான் நிம்மதியாகக் கிளம்பிப் போயிருக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்து, அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமாகவே அழுதாள். நடையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

குடைக்காரி திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மணிக்கட்டு எலும்பு. புருவத்துல மூணு தையல். பயப்பட ஒண்ணுமில்ல" என்றாள்.

"நான்தான் நகர்த்தினேன்" என்றாள் இவள். "உங்களப் பிடிக்கிறதுக்கு."

அந்த அம்மாள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. டைரியைப் பையிலிருந்து எடுத்து இவள் மடியில் போட்டாள்.

"கண் நரம்பு போயிட்டிருக்கு. ஒன்றரை வருஷமா. நேரா இருக்கிறது மட்டும் தெரியும், குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி. உன் முகத்தப் பார்த்துப் பேசுவாரு. உன் கால்கிட்ட பூனை இருந்தா தெரியாது. நான் தியேட்டர்ல டிக்கெட் கவுன்டர்ல இருக்கேன். பகல் காட்சிக்கு வந்தாரு, டிக்கெட்ட நான் வச்ச இடத்துல எடுக்காம பக்கத்துல துழாவினாரு. உள்ள கொண்டுபோய் உட்கார வச்சேன். 'திரை முழுசாத் தெரியல, என் பொண்ணு படம், தப்பு கண்டுபிடிக்கணும், நீங்க பார்த்துச் சொல்றீங்களா?'ன்னாரு. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. உட்கார்ந்தேன்."

"ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"அதை அவரக் கேளு. ஏமாத்தினது நிசம். உன்ன மட்டும்தான் ஏமாத்தினோம். தியேட்டர்னு சொன்னா, எதுக்குக் கூட உட்கார்ந்தீங்கன்னு கேட்பே. அதான் ஆளுக்கொண்ணு உளறிட்டோம். ஒரே பொய்யாச் சொல்லணும்னு பேசி வச்சுக்கக்கூடத் தோணல பாரு."

அந்த நிலைமையிலும் நோட்டு அக்காவுக்கு அது உறைத்தது. கைதேர்ந்த ஏமாற்றுக்காரர்கள் என்றால் இந்தத் தப்பைப் பண்ணியிருக்கவே மாட்டார்கள். மாத்திரை எந்த மூடி என்று எழுதி வைத்தவளை, கொலைகாரி என்று நினைத்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

அப்பா கட்டிலில் கைக்கட்டோடு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். குற்றம் செய்தவர் மாதிரியே இல்லை.

"சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டாங்க. நாளைக்கே வேலைய விட்டுட்டு வந்துடறேன்ப்பா."

"பார்த்தியா!" என்று அவர் குடைக்காரியின் பக்கம் திரும்பினார். "நான் சொல்லல? இதுக்குத்தான் மறைச்சேன்." மறுபடி மகளின் முகத்தைக் குழாய் வழியாகத் தேடிப் பிடித்தார். "உங்கம்மா படுத்தப்ப ரெண்டு வருஷம் வேலைய விட்ட. திரும்ப நீ நின்ன இடத்துக்கு வர உனக்கு ஆறு வருஷம் ஆச்சு. எவன் எவன்கிட்டயோ போய் நின்ன. அதை நான் நல்ல கண்ணால பார்த்தேன். இன்னொரு தடவ பார்க்கமாட்டேன்."

"அதுக்காகத் தனியா விழுந்து கிடப்பீங்களா?"

"ஒன்றரை வருஷமா விழல. இன்னைக்குத்தான் விழுந்தேன்."

ஸ்டூல் விஷயத்தைச் சொன்னாள். ஒன்று விடாமல், ஐந்து பொருளையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். புருவத் தையலுக்குக் கீழே முகம் ஒரு மாதிரி கோணியது. திட்டப்போகிறார் என்று நினைத்தாள்.

"நீ வந்து எதையாவது நகர்த்தியிருப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றார். "எனக்குப் புத்தியும் போகுதுன்னு நினைச்சுப் பயந்துட்டேன். காலையிலேர்ந்து அந்தப் பயம்தான். நல்லவேளை, நீதானா."

அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. அவள் அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலைய விடுவேன்னு இன்னொரு தடவ சொன்னா, நான் கல்யாணத்த விட்டுடுவேன்" என்றார் அப்பா.

"நல்லா இருக்கே நியாயம்! உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நான்தான் கிடைச்சேனா?" என்றாள் குடைக்காரி.

"நீங்க எதுக்கு இதுல வந்து மாட்டிக்கிறீங்க?" என்று நோட்டு அக்கா கேட்டாள். சந்தேகத்தில் கேட்கவில்லை; நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்த அம்மாள் குடையின் பிடியைத் துடைத்தாள். "முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்திருக்கேன். ஒரு படத்தோட முடிவு தெரியாது எனக்கு. படம் முடியறதுக்குள்ள அடுத்த காட்சிக்குக் கவுன்டரத் திறந்தாகணும். உங்கப்பாவுக்காகத்தான் நேரத்த மாத்தி வாங்கிக்கிட்டு முதல் தடவையா ஒரு படத்தக் கடைசிவரைக்கும் பார்த்தேன். நான் சொல்றத இப்படி உன்னிப்பாக் கேட்ட மனுஷன் வேற யாரும் கிடையாது. போதுமா?"

போதும் என்றுதான் இருந்தது.

அன்று மதியம் அவள் தனியாக அப்பாவின் வீட்டுக்குப் போனாள். தரையில் கிடந்த ரத்தத்தைத் துடைத்தாள். பிறகு போனைத் திறந்து, நகர்த்துவதற்கு முன் எடுத்த ஐந்து போட்டோக்களையும் வரிசையாக வைத்துக்கொண்டாள். மிதியடி நேர். திரை ஒரு மடிப்பு. ரேடியோ நாலு விரல். கப்பின் காது ஜன்னல் பக்கம். ஸ்டூலைக் கடைசியாகத் தூக்கினாள். சுவரோடு சேர்த்தாள். கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாசலிலிருந்து கட்டில்வரை நடந்து பார்த்தாள். ஒன்பது அடிதான், சரியாக இருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குத் தளத்தில் இருந்தாள். நோட்டை லைட்காரர் பத்திரமாக வைத்திருந்தார்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்து போட்டாள். அப்பா எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று குடைக்காரி அவர் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தாள். எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "பெரியவருக்குக் கண்ணு..." என்று இழுத்தார்.

"எங்க சித்தி பார்த்துப்பாங்க" என்றாள் நோட்டு அக்கா. வாயில் அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. சித்தி கைக்குட்டையைத் தேடினாள்.

ஐந்து பொருளை நகர்த்தும் கதாநாயகியின் படம் அந்த வருடக் கடைசியில் வந்தது. முதல் வாரம், பகல் காட்சி. சித்தி வேலை பார்த்த அதே தியேட்டர். அப்பா நடுவில், ஒரு பக்கம் சித்தி, மறுபக்கம் மகள். இந்தப் படத்தில் ஒரு தப்புகூட இல்லை என்று அவள் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தாள். அத்தனை ஷாட்டையும் இரண்டு தடவை சரிபார்த்திருந்தாள்.

சித்தி அப்பாவின் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். இவ்வளவு நன்றாகச் சொல்வாள் என்று இவள் எதிர்பார்க்கவில்லை. காதலன் சிரிக்கும்போது, "சிரிக்கிறான், கண்ணு சிரிக்கல" என்றாள். டைரக்டர் அந்த ஒரு பார்வைக்காகப் பதினோரு டேக் எடுத்தார். இடைவேளைக்குப் பின் பொய் மேல் பொய்யாக அவிழ்ந்தது. கடைசிப் பத்து நிமிடம். கதாநாயகி அவன் தூங்கும் அறை வாசலில் வந்து நின்றாள்.

"செருப்பக் கழட்டுறா" என்றாள் சித்தி. "கழட்டி ஓரமா வைக்கிறா. உள்ள போறா. கையில சாவி."

தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. டக், டக், டக் என்று அவள் கட்டிலை நோக்கி நடந்தாள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செருப்பக் கழட்டிட்டாள்ல?"

"ஆமா. வெறுங்கால்தான் தெரியுது."

"அப்ப டக் டக்னு கேட்கிறது யாரு காலு?"

முன்வரிசையில் ஒருவன், "ஷ்ஷ்" என்று திரும்பினான். நோட்டு அக்கா அப்படியே உறைந்துபோனாள். படத்தில் வெறுங்கால், அதை அவளே எழுதி வைத்திருக்கிறாள். சத்தம் பிறகு வேறொரு அறையில் வேறு ஆட்கள் சேர்ப்பது. அங்கே அவளை யாரும் கூப்பிட்டதில்லை, அவளும் போனதில்லை. இருபத்தொரு வருடமாகக் கண்ணால் மட்டும் வேலை பார்த்திருக்கிறாள். தியேட்டரில் இருந்த முன்னூறு பேரும் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டது இவர் ஒருவர்தான்.

யாரும் பார்த்துச் சொல்லிப் பிடித்த தப்பு இல்லை இது. அப்பாவே பிடித்த தப்பு.

"சூப் உன்னோடது" என்றார் அவர், திரைப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு.

"சரிப்பா" என்றாள். குரல் உடைந்தது; அவர் காதுக்கு அதுவும் தப்பியிருக்காது. நாளைக் காலையில் முதல் வேலையாக டைரக்டரிடம் போய், இனிமேல் சத்தம் சேர்க்கும்போதும் நான் இருப்பேன் என்று சொல்ல வேண்டும். முதலில் முடியாது என்பார். பிறகு கேட்பார். அவள் மடியிலிருந்த நீல நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். இருட்டில் கோடு தெரியவில்லை. இடது கை விரலை வைத்துப் பக்கத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்து, அதை ஒட்டி எழுத ஆரம்பித்தாள்.